மணலின் அடியில் கிடந்தவை

நேயர்களே, யுத்தத்தைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் சமாதானத்தின் வாசற்படியில் நின்றுவிடும். மணி ஒலிக்கும், கொடி ஏறும், முன்பின் அறியாதவர்கள் தெருவில் கட்டித் தழுவுவார்கள். விளக்கு எரிந்ததும் நாமும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவோம். மறுநாட் காலையில் அந்த நாட்டில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கும் படங்கள் அபூர்வம். அத்தகைய படம் ஒன்றைப் பற்றியும், அதை எடுத்தவர்களைப் பற்றியும், அது தோண்டியெடுத்த வரலாற்றைப் பற்றியும் இன்று பேசலாம் என எண்ணுகிறேன்.

2015 இல் வெளிவந்த டெனிஷ் மொழிப் படம் அது. மூலப் பெயர் 'உண்டர் சாண்டெட்'. 'மணலின் அடியில்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் அதை 'லாண்ட் ஒஃப் மைன்' என்று வெளியிட்டார்கள். 'என்னுடைய நாடு' என்றும் கொள்ளலாம், 'மிதிவெடி நாடு' என்றும் கொள்ளலாம். சிலேடை கெட்டித்தனமானதுதான். ஆனாலும் எனக்கு மூலப் பெயரே பிடித்திருக்கிறது. மணல் எதையும் மூடும். காற்றடித்தால் மூடியதைத் தானே வெளியில் காட்டியும் விடும்.

மிதிவெடி என்றால் என்ன என்று எமது நேயர்களுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. அது எமது துரதிர்ஷ்டம். ஆகையால் நேரே படத்துக்குள் போகிறேன்.

1945 மே மாதம். தோற்றுப்போன ஜேர்மன் சிப்பாய்கள் நீண்ட வரிசையாகத் தெற்கு நோக்கி நடந்து போகிறார்கள். எதிர்ப்புறமாக ஒரு ஜீப் வருகிறது. அதில் சார்ஜன்ட் கார்ள் றஸ்முசன் என்ற டெனிஷ்காரர். சிப்பாய்களில் ஒருவன் டெனிஷ் கொடி ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போவதைக் காண்கிறார். ஞாபகப் பொருளாகக் கொண்டு போகிறான் போலும். ஜீப்பை நிறுத்திக் கீழே பாய்ந்து கொடியைப் பறித்து, அவன் முகம் இரத்தமாகும் வரை குத்துகிறார். தடுக்க வந்த இன்னொருவனுக்கும் அடி. இது உங்கள் நாடல்ல, போங்கள் என்று கத்துகிறார்.

அந்த நிமிடத்தில் பார்வையாளர் சார்ஜன்டின் பக்கம்தான் இருப்பார்கள். ஐந்து வருட ஆக்கிரமிப்பின் கோபம் அது. நெறியாளர் மாட்டின் சான்ட்விலீட் நம்மை அப்படி ஒரு பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான், கதிரையை மெல்ல இழுக்கத் தொடங்குகிறார்.

கோபத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 1940 ஏப்ரல் 9 ஆம் திகதி அதிகாலையில் ஜேர்மன் படைகள் டென்மார்க்கினுள் நுழைந்தன. சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அரசாங்கம் பணிந்தது, மன்னர் தமது அரண்மனையில் இருந்தார், பாராளுமன்றமும் பொலிஸும் நீதிமன்றமும் டெனிஷ்காரர் கையிலேயே இருக்க, ஒருவகை ஒத்துழைப்பு நடந்தது. 1943 ஓகஸ்ட் 29 வரை அது நீடித்தது. வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகி, ஜேர்மனியர் இராணுவச் சட்டம் பிறப்பித்த பின்னர்தான் அந்த ஏற்பாடு குலைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் 7,000 இற்கு மேற்பட்ட யூதர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றிச் சுவீடனுக்குக் கடத்திக் காப்பாற்றியதும் இதே மக்கள்தான். அந்தப் புகழ் உலகெங்கும் பரவியது. நியாயமான புகழ். ஆனால் புகழுக்கும் ஒரு தீமை உண்டு. அது ஒரு மக்கள் கூட்டத்தின் மீதிக் கணக்குகளை மறைத்துவிடும்.

இனி அந்தக் கடற்கரைக்கு வருவோம். டென்மார்க்கின் பெருநிலப் பகுதி ஜட்லாந்து. 1980களில் இலங்கையிலிருந்து போன எம்மவரிற் பலர் குடியேறிய ஹேர்னிங் போன்ற பட்டினங்கள் அங்கேதான் உள்ளன. அதன் மேற்குக் கரை வட கடலைப் பார்த்துக் கிடக்கும் மணற் கரை. காற்று ஓயாது, மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு இது வாய்ப்பான இடம் என ஜேர்மனியர் அஞ்சினார்கள். எஸ்பியெர்க் துறைமுகத்திலிருந்து ஜேர்மன் எல்லை அதிக தூரமில்லை. 1943 டிசெம்பரில் பீல்ட் மார்ஷல் றொமெல் நேரில் வந்து இக்கரையைப் பார்வையிட்டார். அதன் பிறகு சீமெந்துக் காவலரண்களும் முட்கம்பிகளும் மிதிவெடிகளும் துரிதமாகப் பெருகின. நோர்வேயிலிருந்து பிரான்சின் தெற்கு எல்லைவரை நீண்ட 'அத்திலாந்திக் சுவர்' என்னும் அரண் வரிசையின் ஒரு பகுதி இது.

அந்தச் சீமெந்தைக் குழைத்தவர்கள் யார்? பெரும்பாலும் டெனிஷ் ஒப்பந்தகாரரும் டெனிஷ் தொழிலாளரும். கூலி ஒழுங்காகக் கிடைத்தது. அதை ஜேர்மன் இராணுவத்தின் பெயரிலிருந்த ஒரு கணக்கினூடாக டென்மார்க்கின் தேசிய வங்கியே கொடுத்தது. வேலையில்லாத காலத்தில் ஏழைகள் கூலிக்குப் போனதைக் குற்றமாகச் சொல்ல நான் வரவில்லை. கரையோரக் கிராமங்களில் 1945 மே மாதத்து ஆத்திரம் அவ்வளவு உரத்து ஒலித்ததற்கு, இந்த ஐந்து வருடச் சங்கடமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். எதிர்த்து நின்றவனுக்கு அதை நிரூபிக்க வேண்டிய அவசரம் இல்லை. மற்றவனுக்கு உண்டு.

1945 மே 4 ஆம் திகதி லூனபேர்க் புற்றரையில் மொன்ட்கொமரியிடம் ஜேர்மன் படைகள் சரணடைந்தன. மறுநாட் காலை அது நடைமுறைக்கு வந்தது. கோப்பன்ஹேகன் வீதிகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டாடினார்கள். இன்றும் மே 4 ஆம் திகதி மாலையில் டெனிஷ் வீடுகளின் யன்னல்களில் அந்த மெழுகுவர்த்திகளைக் காணலாம். மேற்குக் கரையிலோ மணலுக்கு அடியில் ஏறத்தாழ பதினான்கு இலட்சம் மிதிவெடிகள் கிடந்தன. தட்டு வடிவிலான தாங்கி எதிர்ப்பு வெடிகள், துள்ளி எழுந்து இடுப்பளவில் வெடிப்பவை, உலோகம் காட்டும் கருவிக்குச் சிக்காத மரப்பெட்டி வெடிகள் எனப் பல இனம்.

புதைத்தவனே எடுக்கட்டும். இந்த யோசனை யாருக்கும் உடனே நியாயமாகப் படும். பிரித்தானியத் தலைமையும் டெனிஷ் அதிகாரிகளும் உடன்பட்டார்கள். 2,000 இற்கு மேற்பட்ட ஜேர்மன் சிப்பாய்கள் இந்த வேலைக்கு ஏவப்பட்டார்கள். ஊர்ந்து, கம்பியால் மணலைச் சாய்வாகக் குத்தி, தட்டுப்பட்டதைக் கையால் துடைத்து, வெடிப்பியைத் திருகிக் கழற்றும் வேலை. மே மாதத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஐந்து மாதத்தில் பதினான்கு இலட்சம் என்றால், எவ்வளவு வேகம் கேட்கப்பட்டது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சான்ட்விலீட்டின் படம் இந்த 2,000 பேரிலிருந்து பதினான்கு பையன்களைப் பிரித்தெடுக்கிறது. சார்ஜன்ட் றஸ்முசனிடம் அவர்கள் ஒப்படைக்கப்படுகிறார்கள். கரையில் 45,000 வெடிகள் உண்டு. ஆளுக்கு மணிக்கு ஆறு வீதம் எடுத்தால், இடையில் சாகாவிட்டால், மூன்று மாதத்தில் வீடு போகலாம் என்பது அவர் வாக்கு. பையன்கள் மனதுக்குள் ஊர்க் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போனதும் கொத்தனாராவதா, மோட்டார் வேலை பார்ப்பதா, முதலில் என்ன சாப்பிடுவது. ஒரே முகம் கொண்ட இரட்டையர் இருவரும் அவர்களுள் இருக்கிறார்கள்.

உணவு வரவில்லை. பசியில் பண்ணையிலிருந்து மாட்டுத் தீனியைத் திருடித் தின்கிறார்கள். அதில் எலிப் புழுக்கை. வாந்தியும் மயக்கமுமாக வேலைக்குப் போன ஒருவனின் இரு கைகளையும் வெடி கொண்டு போகிறது. இன்னோரிடத்தில் ஒரு வெடியின் கீழ் மற்றொன்று அடுக்கப்பட்டிருக்கிறது. மேலிருந்ததைத் தூக்கியதும் இரட்டையரில் ஒருவன் இல்லாமற் போகிறான். மற்றவன் அதற்குப் பிறகு பேசும் பேச்சு, பக்கத்தில் தம்பி இருப்பது போன்ற பேச்சு. பண்ணைக்காரியின் சிறு மகள் வெடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தபோது அவளை மீட்க முன்னால் நடப்பவன் அவனே. குழந்தை திரும்பி வந்துவிட, அவன் திரும்பாமல் நடந்துகொண்டே போகிறான். கடைசியில், செயலிழந்ததாக நினைத்த வெடிகளை லொறியில் ஏற்றும்போது ஏழு பேர் ஒரே முழக்கத்தில் போய்விடுகிறார்கள். நால்வர் மிஞ்சுகிறார்கள்.

இவற்றைச் சொல்லிவிட்டால் படத்தைச் சொல்லியதாகாது. அதன் உயிர் சார்ஜன்டிடம் இருக்கிறது. பாண் திருடிக்கொண்டு வந்து பையன்களுக்குக் கொடுக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அவர்களோடு பந்து விளையாடுகிறார். நாம் ஆறுதலடைகிறோம், மனிதன் திருந்திவிட்டான், இனிக் கதை நல்ல வழியில் போகும் என்கிறோம். அன்றைக்கே, வெடி அகற்றியாயிற்று என்று சொல்லப்பட்ட மணலில் ஓடிய அவருடைய நாய் வெடித்துச் சாகிறது. உடனே பழைய றஸ்முசன் திரும்பி வந்துவிடுகிறார். பையன்களைக் கைகோத்து வரிசையாக அந்த மணலின் மேல் நடக்கச் செய்கிறார். ஒருவனை நாயைப் போல ஊர்ந்து, நாயைப் போல எடுத்துவரச் செய்கிறார். ஒரு நல்ல செய்கை மனிதனை நிரந்தரமாக மாற்றிவிடாது என்று இவ்வளவு ஈவிரக்கமின்றிக் காட்டிய காட்சியை நான் அதிகம் கண்டதில்லை. ஹொலிவூட்காரர் கையில் கிடைத்திருந்தால் பந்து விளையாட்டுக்குப் பிறகு சங்கீதம் எழுப்பியிருப்பார்கள்.

றஸ்முசனாக நடித்தவர் றோலண்ட் மோலர். அவர் நடிப்புப் பள்ளியிலிருந்து வந்தவரல்லர். இளமையில் வன்முறைக் குற்றத்துக்காகச் சிறையிருந்தவர். 2010 இல் வெளிவந்த 'ஆர்' என்ற சிறைச்சாலைப் படத்தின் மூலம் திரைக்கு வந்தவர். அடிப்பவனின் உடம்பு எப்படி அசையும், அடித்த பிறகு அந்த உடம்புக்கு என்னவாகும் என்பதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. முதன்மைப் பாத்திரத்துக்கு அதுவரை அவரை யாரும் அதிகம் யோசித்ததில்லை. பையன்களில் தலையாயவனாக வரும் லூயிஸ் ஹொஃப்மன் அப்போது பதினெட்டு வயதையும் எட்டாத ஜேர்மன் நடிகர். 2015 இல் ரோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதை இருவருக்கும் பகிர்ந்தே கொடுத்தார்கள். பிரித்துக் கொடுக்க முடியாத நடிப்பு என்பது நடுவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சான்ட்விலீட் 1971 இல் பிறந்தவர். படத்தொகுப்பு வேலையிலிருந்து நெறியாள்கைக்கு வந்தவர். இதற்கு முன் எடுத்த இரண்டு படங்களும், குடியால் அழிந்த ஒரு நடிகையையும், நாடே கொண்டாடிய ஒரு நகைச்சுவை நடிகரையும் பற்றியவை. யுத்தத்தோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. ஒளிப்பதிவாளர் கமிலா ஹியெல்ம் க்னுட்சன் அவருடைய மனைவி. அந்தக் கரையின் வெளிச்சத்தை அவர் பிடித்த விதம் தனியே சொல்லப்பட வேண்டும். வெள்ளை மணல், வெளிர் நீலக் கடல், அசையும் புல். விடுமுறைக்குப் போகத் தூண்டும் அழகு. அந்த அழகின் மீது ஒரு பையன் வயிற்றால் ஊர்கிறான். இருட்டும் சேறும் காட்டியிருந்தால் நாம் முன்கூட்டியே தயாராகியிருப்போம். படப்பிடிப்பும் வரலாறு நடந்த பகுதியிலேயே, ஒக்ஸ்பொல், வார்டே வட்டாரத்தில் நடந்தது. தயாரிப்பு டெனிஷ் - ஜேர்மன் கூட்டு முயற்சி. ஜேர்மன் பக்கத்துத் தயாரிப்பாளர் மால்ட்டே குறூனேர்ட், பின்னர் 2022 இல் 'மேற்கு முனையில் எல்லாம் அமைதி' நாவலின் புதிய ஜேர்மன் படத்தைத் தயாரித்தவர்; அந்தப் படம் ஒஸ்கார் பரிசு பெற்றது. 'மணலின் அடியில்' 2017 இல் பிறமொழிப் படத்துக்கான ஒஸ்காருக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

இதுவரை படத்தைப் புகழ்ந்தேன். இனி அதனோடு வழக்காட வேண்டியிருக்கிறது.

படம் முடிந்ததும் திரையில் சில வரிகள் எழுகின்றன. 2,000 இற்கு மேற்பட்ட கைதிகள் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வெடிகளை அகற்றினார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டார்கள் அல்லது படுகாயமடைந்தார்கள் என்றும், பலர் பையன்கள் என்றும் அவை சொல்கின்றன. இந்த விடயத்தை முதன்முதல் விரிவாக ஆராய்ந்து பொதுமக்கள் முன் வைத்தவர் ஹெல்கே ஹாகமன் என்ற சட்டத்தரணி. 'கட்டாயத்தின் கீழ்' என்ற பொருள்படும் அவருடைய நூல் 1998 இல் வெளிவந்தது. அந்த ஆய்விலிருந்து பொதுவில் எடுத்துக் காட்டப்படும் கணக்கு: இறந்தோர் 149, படுகாயமடைந்தோர் 165, சிறுகாயமடைந்தோர் 167. வேலைக்கு ஏவப்பட்டோர் 2,000 பேர் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும், இறந்தோரும் படுகாயமடைந்தோரும் சேர்ந்து ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. சிறுகாயங்களையும் சேர்த்தால்கூட நாலில் ஒரு பங்கு நிரம்பாது. பாதி என்பது எங்கிருந்து வந்தது?

149 பேர் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். போதும் என்பதே என் பதில். அதனால்தான் பாதி என்று எழுதியது எனக்கு உறுத்துகிறது. உண்மை எண்ணே தாங்க முடியாததாக இருக்கும்போது அதை ஊதிப் பெருக்குகிறவர், மறுக்கக் காத்திருப்பவர் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறார்.

இரண்டாவது பிரச்சினை இதைவிடப் பெரிது. படம் வெளிவந்தபோது டெனிஷ் வரலாற்றாய்வாளர் சிலர் ஆட்சேபம் எழுப்பினார்கள். வெடி அகற்றும் படையணியை நாளாந்தம் நடத்தியவர்கள் ஜேர்மன் பொறியியற் படைப்பிரிவின் அதிகாரிகளே. மேலே பிரித்தானிய அதிகாரம் இருந்தது. டெனிஷ் இராணுவத்தினர் மேற்பார்வையிட்டார்கள், அகற்றிய நிலத்தைப் பரிசோதித்தார்கள். அகற்றியவர்களிற் பெரும்பாலானோர் வெடிமருந்து தெரிந்த சிப்பாய்கள். இளைஞர்களும் இருந்தார்கள், யுத்தத்தின் கடைசி வருடத்தில் ஜேர்மன் படையில் பதினாறு, பதினேழு வயதுக்காரர் ஏராளம். ஆனால் ஒரு டெனிஷ் சார்ஜன்ட் தன்னந்தனியாகப் பதினான்கு பாலகர்களை வைத்து வேலை வாங்கிய காட்சி, ஒரு நாடகாசிரியரின் காட்சி.

கலைஞனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டுதானே? உண்டு. ஆனால் இந்த மாற்றம் என்ன செய்கிறது என்று பாருங்கள். பால் மணம் மாறாத முகங்களைக் காட்டியதும் நமது கேள்வி இலகுவாகிவிடுகிறது. குழந்தையை வெடி மேல் அனுப்புவது பாவமா என்று எவரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். வரலாறு கேட்கும் கேள்வி வேறு. நாற்பது வயதுப் பொறியியற் படைக்காரன் ஒருவன். ஒருவேளை இந்த வெடிகளைத் தன் கையாலேயே புதைத்தவன். கிழக்குப் போர்முனையில் அவன் என்னென்ன செய்தான் என்பது யாருக்கும் தெரியாது. அவனுக்காக அழ எவருமில்லை. அவனை அந்த மணலில் ஊர வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு டெனிஷ்காரர் மட்டுமல்ல, நாமும் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்வோம். அந்தத் தயக்கத்தைத் திரையில் காட்டிய படம் இன்னும் எடுக்கப்படவில்லை. சான்ட்விலீட் அதை எடுத்திருக்கக்கூடியவர் என்பதாலேயே எனக்கு மனக்குறை.

சட்டம் தயங்கவில்லை. 1929 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின் 32 ஆம் உறுப்புரை, யுத்தக் கைதிகளை ஆரோக்கியக் கேடான வேலையிலோ ஆபத்தான வேலையிலோ ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. வயதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கைதியின் கடந்தகாலத்தைப் பற்றியும் இல்லை. பின் எப்படி இது நடந்தது? சொற்களால் நடந்தது. பிரித்தானியர் 1945 இல் பெருந்தொகையாகச் சரணடைந்த ஜேர்மனியரை 'யுத்தக் கைதிகள்' என்று பதியாமல் 'சரணடைந்த எதிரிப் படையினர்' என்ற புதிய வகுப்பில் வைத்தார்கள். கைதி அல்லாதவனுக்குக் கைதிக்குரிய பாதுகாப்பு இல்லை. இலட்சக்கணக்கானோருக்கு உணவும் காவலும் கொடுக்க முடியாத நிலையில் எழுந்த நிர்வாக யோசனை அது என்பது ஒரு விளக்கம். அந்த யோசனையின் மறு விளைவு மணலில் தெரிந்தது. டென்மார்க் தனித்தும் இல்லை. பிரான்சிலும் நோர்வேயிலும் ஜேர்மன் சிப்பாய்களே வெடி அகற்றினார்கள். நான்கு வருடம் கழித்து, 1949 இல், புதிய ஜெனீவா உடன்படிக்கையின் 52 ஆம் உறுப்புரை மிதிவெடி அகற்றுவதை ஆபத்தான வேலை என்று பெயர் சொல்லியே எழுதியது. தானாக விரும்பி முன்வந்தாலன்றி எந்தக் கைதியையும் அதில் ஈடுபடுத்தலாகாது என்றது. அனுபவம் இல்லாமல் எவரும் அப்படிப் பெயர் சொல்லி எழுதுவதில்லை.

டெனிஷ் திரையுலகம் இந்த இடத்துக்கு வந்து சேர எழுபது வருடம் எடுத்தது. விடுதலை கிடைத்த அதே 1945 இன் கடைசி நாட்களில் 'செந்நிறப் புல்வெளிகள்' என்ற படம் வெளிவந்தது. நெறியாண்டவர்கள் போடில் இப்சனும் லாவ் லோரிட்சனும். கெஸ்டாப்போ சிறையில் மரணத்துக்குக் காத்திருக்கும் எதிர்ப்பியக்க வீரனின் கதை. 1946 இல் முதலாவது கான் விழாவில் பெரும் பரிசு பெற்ற படங்களுள் ஒன்று. அதிலும் மனம் இளகிய ஒரு ஜேர்மன் காவலாளி வருகிறான் என்பது கவனிக்க வேண்டியது. புண் ஆறாத காலத்தில் அதற்கும் ஒரு துணிவு வேண்டும். ஆனால் டெனிஷ் பக்கத்தில் நிழல் விழவில்லை. பிறகு பல தசாப்தங்களுக்கு எதிர்ப்பியக்கம் என்றால் வீரம், அவ்வளவுதான். 2008 இல் ஒலே கிறிஸ்டியன் மட்சன் எடுத்த 'சுவாலையும் எலுமிச்சையும்' அந்த வீரத்தின் மேல் கை வைத்தது. காட்டிக் கொடுத்தோரைச் சுட்டுத் தள்ளிய இரு வீரர்கள், தாங்கள் சுட்டவர்கள் எல்லோரும் உண்மையில் குற்றவாளிகள்தானா என்று கடைசியில் ஐயுறும் படம் அது. அதன் பிறகே சான்ட்விலீட்டுக்கு வழி திறந்தது என்று நினைக்கிறேன்.

திரைக்கு முன்பே எழுத்தில் வழி திறந்தவர்கள் இருவர். ஒருவர் முன்சொன்ன சட்டத்தரணி. மற்றவர் கேர்ஸ்டன் லுலொஃப் என்ற வைத்தியர். 1945 இன் தொடக்கத்தில் செஞ்சேனைக்கு அஞ்சிக் கிழக்குப் பிரஷியாவிலிருந்து கப்பலில் தப்பிய ஜேர்மன் அகதிகள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் டென்மார்க்கில் இறக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் வயோதிபரும். அவ்வாண்டில் அவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் இறந்தார்கள் என்பதை, கல்லறைப் பதிவுகளையும் முகாம் பதிவுகளையும் பார்த்து 1999 இல் அவர் வெளியிட்டார். போஷாக்கின்மை, வயிற்றோட்டம், சின்னமுத்து. டெனிஷ் வைத்தியர் சங்கம் ஜேர்மன் அகதிகளுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை என்று எடுத்த நிலைப்பாட்டையும் அவர் எடுத்துக் காட்டினார். வைத்தியரான ஒருவர் அதை எழுதியது சுலபமான காரியமல்ல. சட்டத்தரணியும் வைத்தியரும். இரு பெரிய கேள்விகளையும் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறைக்கு வெளியே இருந்தவர்கள் எழுப்பினார்கள் என்பது தற்செயலோ என்னவோ.

அகதிகளின் மிகப் பெரிய முகாம் ஒக்ஸ்பொல்லில் இருந்தது. படத்தின் பையன்கள் ஊர்ந்து திரிந்த அதே மணல் நாடு. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 35,000 பேர் அங்கு வாழ்ந்தார்கள். டென்மார்க்கின் பெரிய நகரங்களின் வரிசையில் வைக்கத்தக்க சனத்தொகை. 1949 இல் முகாம் மூடப்பட்டது, காடு வளர்ந்தது. 2022 இல் அங்கே அகதி வாழ்வைப் பற்றிய ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. முகாமின் வைத்தியசாலைக் கட்டடமே அதன் ஒரு பகுதி. இடுகாடும் பக்கத்திலேயே இருக்கிறது. அகதிகளுக்கும் சிப்பாய்களுக்கும் ஒரே நிலம்.

படத்தின் கடைசிக் காட்சியில், மிஞ்சிய நால்வரையும் மேலதிகாரி இன்னொரு வெடிக் களத்துக்கு அனுப்பிவிடுகிறார். வீடு அனுப்புவதாகச் சொன்ன வாக்கு பொய்யாகிறது. றஸ்முசன் கட்டளையை மீறி அவர்களை லொறியில் ஏற்றி, எல்லைக்கு ஐந்நூறு மீற்றர் தொலைவில் இறக்கி, ஓடச் சொல்கிறார். அவர்கள் மரங்களுக்கிடையே ஓடுகிறார்கள். அப்படி ஒரு சார்ஜன்ட் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நால்வரும் அனுப்பப்பட்ட இடமாகப் படம் காட்டுவது ஸ்கலிங்கன் என்ற தீபகற்பம். அது உண்மையான இடம். எஸ்பியெர்க்குக்கு வடமேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற் பரப்பு. 1945 இல் அங்கே வேலை முழுமையாக முடியவில்லை. கடல் கரையைத் தின்றது, மேடுகள் நகர்ந்தன, புதைத்தவர்களின் வரைபடங்கள் மணலோடு ஒத்துவர மறுத்தன. வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை நட்டு விட்டுவிட்டார்கள். அறுபது வருடங்களாக அந்தப் பலகைகள் நின்றன. மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கை 1999 இல் நடைமுறைக்கு வந்தபோது, அதில் கையொப்பமிட்ட டென்மார்க் தன் மண்ணிலேயே ஒரு வெடிக் களத்தை வைத்திருந்தது. இலங்கை 2017 இறுதியில் சேர்ந்த அதே உடன்படிக்கைதான். பத்து வருடத் தவணை முடிந்து, மேலும் தவணை கேட்டு, இயந்திரங்களால் மணலைக் கிளறிச் சலித்து, 2012 இல்தான் ஸ்கலிங்கன் துப்புரவாகிவிட்டதென்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் படம் திரைக்கு வந்தது. பலகைகளைக் கழற்றிவிட்டார்கள், கோடை காலத்தில் குடும்பங்கள் அங்கே கால்நடையாகப் போய்வருகின்றன.